பத்திரம் இருக்கிறது, நிலம்?

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் வழியில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மாந்தோப்பு. அப்பா இறந்த பின் அதை விற்று, தங்கைக்குப் பாதி தருவதாகச் சொல்லியிருந்தேன். அவள் மகளின் கல்யாணம் அதை நம்பித்தான் நிச்சயமானது.

தாத்தாவின் கிரயப் பத்திரம் 1938இல் பதிவானது. சித்தூர் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. பத்திரம் தமிழில் இருக்கிறது. வருவாய்க் கணக்கோ தெலுங்கில். அதில் தோப்பு வேறொருவர் பெயரில் இருந்தது.

"பதிவு செய்த பத்திரமாச்சே!" என்றேன். பத்திர எழுத்தர் சிரித்தார். "பத்திரம்தான் சார் பதிவாச்சு. உரிமை பதிவாகலை."

அவர் சொன்னது உண்மை. நம் பதிவுச் சட்டம் 1908ஆம் வருடத்தது. விற்பவருக்கு அந்த நிலம் சொந்தமா என்று தீர்ப்புச் சொல்வது அதன் வேலை அல்ல. வில்லங்கச் சான்றும் பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். 1998இல் ஆந்திரம் பதிவைக் கணினிக்குக் கொண்டுபோனது. வேலை வேகமானது, உரிமைக்கு உத்தரவாதம் வரவில்லை.

அரசே உத்தரவாதம் தரும் முறையை 1858இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் கொண்டுவந்தார். ஆந்திரமும் அந்த வழியில் 2022இல் ஒரு நில உரிமைச் சட்டம் இயற்றியது. சிவில் நீதிமன்றத்தின் கதவு மூடப்படும் என்று வழக்கறிஞர்கள் எதிர்த்தார்கள். நிலம் பறிபோகும் என்று விவசாயிகள் பயந்தார்கள். தேர்தலில் அதுவே பெரிய பேச்சானது. 2024இல் புதிய அரசு சட்டத்தை ரத்து செய்தது.

1993இல் நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் டக்ளஸ் நார்த் இதைத்தான் விளக்கினார்: எழுதிய விதிகளை ஒரே இரவில் மாற்றிவிடலாம், அவற்றைத் தாங்கி நிற்கும் பழக்கங்கள் மெதுவாகத்தான் மாறும்.

எங்களைக் காப்பாற்றியதும் பழைய பழக்கம்தான். கணக்கில் இருந்தது பக்கத்துத் தோப்புப் பெரியவருடைய அண்ணன் பெயர். அண்ணன் இறந்துவிட்டார். பெரியவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், தோப்பு அவர்கள் குடும்பத்துக்குப் போயிருக்கும். "தப்பா ஏறிடுச்சு நாயனா. இந்த மரமெல்லாம் உங்க தாத்தா வெச்சது" என்றவர், அண்ணன் பிள்ளைகளையும் அழைத்து வந்து எழுதிக் கொடுக்க வைத்தார். பெயர் மாற 14 மாதம் ஆயிற்று. கல்யாணத்தைக் கடன் வாங்கி நடத்தினோம். தோப்பு விற்றதும் தங்கையின் பாதி அவளிடம் போய்ச் சேர்ந்தது.

பெரியவருக்கு இப்போது 81 வயது. பிள்ளைகள் பெங்களூரில். எந்த வரப்பு யாருடையது என்று அவர்களுக்குத் தெரியாது. தோப்பை வாங்கியவருக்கு நாளை ஒரு சிக்கல் வந்தால், அவர் யாரைப் போய்க் கேட்பார்?