ரங்கூன்ல இருந்து நடந்து வந்தவர்

எங்க சிவகங்கைப் பக்கம் பழைய பெரிய வீடுகள்ல தூணைத் தட்டிக் காட்டி "பர்மா தேக்கு"ன்னு பெருமையா சொல்லுவாங்க. எங்க தாத்தாவும் பர்மா போனவர்தான். அவர் அங்கிருந்து கொண்டு வந்தது வெடிச்ச கால் ரெண்டும்தான்.

பதினெட்டு வயசுல ரங்கூன் அரிசி ஆலையில மூட்டை தூக்கப் போனார். 1941 டிசம்பர் 23-ந் தேதி ஜப்பான்காரன் ரங்கூன்ல குண்டு போட்டான். காசு உள்ளவங்க கப்பலுக்கு ஓடினாங்க, தாத்தா மாதிரி ஆளுங்க நடந்தாங்க. காடு மலை தாண்டி தமு, அப்புறம் இம்பால், திமாபூர் போய்த்தான் ரயிலு. வழியெல்லாம் காலரா. கூட வந்தவங்க என்ன ஆனாங்கன்னு கேட்டா பேச்சை மாத்திடுவார். தகர டப்பாவுல தண்ணி கொதிக்க வச்சுக் குடிச்ச கதையை மட்டும் சொல்லுவார்.

ஊர் வந்து சேர்ந்தா இங்க அரிசி இல்ல. அந்தக் காலத்துல மதராஸ் மாகாணத்துக்கே பர்மாவுல இருந்துதான் கப்பல் கப்பலா அரிசி வரும். 1942 மார்ச்சுல ரங்கூன் விழுந்ததும் அது நின்னு போச்சு. மலை மலையா அரிசி மூட்டை சுமந்தவருக்கு வீட்டுல கேப்பைக் கூழ்.

இனி கடல் தாண்ட மாட்டேன்னு ஆத்தா தலையில அடிச்சு சத்தியம் பண்ணினாராம். ஆனா இது வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகினா நெல்லு, இல்லேன்னா கடன். 1949-ல நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏறிட்டார். தோட்டக் கூலிக்கு ஆள் போறதை 1938-லயே அரசாங்கம் நிறுத்திட்டதால, பினாங்குல ஒரு மளிகைக் கடையில எடுபிடி வேலை.

ஏன் போனீங்கன்னு ஒரு தடவை கேட்டேன். "நடந்தே வந்தவனுக்கு கப்பல்ல போறது கஷ்டமாடா?"ன்னு சிரிச்சார். அது பதில் இல்ல. நிலம் அடகுல இருந்துச்சு.

பதினோரு வருஷம். நடுவுல ஒரே ஒரு தடவைதான் வந்தாராம். அப்ப எங்க அப்பாவுக்கு ஆறு வயசு. "யாரு இந்த ஆளு?"ன்னு அப்பத்தா சேலைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டாராம். அப்பத்தா இதைச் சிரிச்சுக்கிட்டேதான் சொல்லும். ஆனா எங்கப்பா அவரை "அப்பா"ன்னு கூப்பிட்டு நான் ஒருநாளும் கேட்டதில்ல. "வந்தாச்சா, சாப்பிட்டாச்சா", அவ்வளவுதான் ரெண்டு பேருக்கும் பேச்சு.

அடகு மீண்டுச்சு. பக்கத்துல ஒரு ஏக்கரும் வாங்கினார். அந்தப் பத்திரத்தை அப்பத்தா பேர்ல எழுதச் சொன்னாராம். பட்டா இன்னமும் அது பேர்லதான் கிடக்கு. எங்கப்பாவும் மாத்தல, நானும் மாத்தல.