முள்வேலி காத்த கரை

தென்கொரியாவின் பூசான் நகரின் தெற்கு மூலையில், ஒர்யுக்தோ பாறைத்தீவுகளுக்கு எதிரே, 27-ம் எண் பேருந்து வந்து திரும்பும் இடத்தில் ஹேபராங்-கில் தொடங்குகிறது. கிழக்குக் கடலை ஒட்டியே வடகொரிய எல்லைப்பக்கம் இருக்கும் கோசோங் வரை, ஏறக்குறைய 750 கிலோமீட்டர் போகும் நடைபாதை. ஐம்பது பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். நான் சொல்லப்போவது முதல் பகுதியை மட்டும். ஒர்யுக்தோவிலிருந்து மிப்போ வரை, சுமார் 17 கிலோமீட்டர். எங்கும் நுழைவுச்சீட்டு கிடையாது. ஆய்வு மாணவனாக இந்தப் பக்கத்து யோங்ஹோ-தோங்கில் குடியிருந்த நாட்களில், உதவித்தொகை வருவதற்கு முந்தைய வாரங்களில் எனக்குக் கட்டுப்படியான பொழுதுபோக்கு இது ஒன்றுதான்.

தொடக்கத்திலேயே 35 மீட்டர் செங்குத்துப் பாறையின் மேல் கடலை நோக்கி நீளும் கண்ணாடித் தளம் இருக்கிறது. இலவசம். கண்ணாடி கீறாமலிருக்கச் செருப்புக்கு மேல் துணியுறை மாட்டிக்கொண்டு போகவேண்டும். எல்லோரும் காலடியில் அலையைப் படமெடுப்பார்கள். என்னோடு வருகிறவர்களை நான் முதுகுப்பக்கம் திரும்பிப் பார்க்கச் சொல்வேன். அங்கே மலைபோல் நிற்கும் மூவாயிரம் வீடுகள் கொண்ட அடுக்கக வளாகம் 2008-ல் வந்தது. அதற்கு முன் அந்தச் சரிவு தொழுநோயாளர் குடியிருப்பு. ஊர் தன் கண்ணில் படவேண்டாம் என்று ஒதுக்கியவர்கள் அங்கே கோழியும் பன்றியும் வளர்த்து அரை நூற்றாண்டு பிழைத்தார்கள். அதே கடல், அதே சூரிய உதயம். அன்றைக்கு அதற்கு ஒரு விலையும் இல்லை. கடல் தெரிகிற சன்னலுக்குக் கூடுதல் விலை என்ற கணக்கு வந்ததும் அவர்கள் கிளம்பவேண்டியதாயிற்று.

இங்கிருந்து தோங்செங்மால் முனை வரை 4.7 கிலோமீட்டர் நீளும் கரைக்குன்று, இகிதே. இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. ஒரு பக்கம் பைன் மரங்கள், மறுபக்கம் நேரே கடல். மரப்படிகள் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். ஜப்பானியர் ஆட்சியில் செம்பு தோண்டிய சுரங்கவாய்களை அடைத்து வைத்திருக்கிறார்கள். 1592 போரில் எதிரித் தளபதியோடு சேர்ந்து கடலில் குதித்த இரு நடனப் பெண்களின் கதையைத் தகவல் பலகை சொல்கிறது. எனக்கு அந்தக் கதையைவிட முள்வேலியின் கதை முக்கியம். 1993 வரை இந்தக் கரை ராணுவத்தின் கையில் இருந்தது. ஊடுருவல்காரர்கள் கடல்வழியே கரையேறிவிடக்கூடாதென்று வேலி போட்டுப் பொதுமக்களை உள்ளே விடாமல் வைத்திருந்தார்கள். பூசானின் மற்றக் குன்றுகளிலெல்லாம் கட்டடம் முளைத்த ஆண்டுகள் அவை. வேலியைப் பிரித்தபோது உள்ளே காடு அப்படியே இருந்தது. நகர் அமைப்புத் துறை எதுவும் திட்டம் தீட்டி இதைக் காப்பாற்றவில்லை. பயம் காப்பாற்றியது.

பாதியில், பாறையோரம் ஹேன்யோக்கள் உடைமாற்றும் கல்குடிசை வரும். மூச்சடக்கிக் கடலடியில் சிப்பியும் கடல்வெள்ளரியும் எடுக்கிற பெண்கள். பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள். தண்ணீரில் ஆரஞ்சு நிற மிதவை ஒன்று தெரியும், ஆள் தெரியமாட்டார். எதிர்பார்க்காத இடத்தில் தலை வெளியே வந்ததும், அடக்கிய மூச்சு உதடுகளின் நடுவே சீழ்க்கையாகப் பீறிடும். அதைக் கேட்பதற்காகவே பாறையில் உட்கார்ந்திருப்பேன். அவர்கள் எடுத்ததை வாங்கிச் சாப்பிட்டால்தான் காசு.

இகிதே குன்றின் வாசலில் உயர அடுக்ககம் எழுப்ப ஒரு நிறுவனம் போட்ட திட்டம் 2024-ல் பெரிய சண்டையானது. நகராட்சி நிபந்தனையோடு தலையாட்டியும் விட்டது. மக்கள் கொதித்த பிறகு, நிறுவனம் அப்போதைக்குப் பின்வாங்கியது. முப்பதாண்டு முன்பு வேலி செய்த வேலையை இப்போது கையெழுத்து இயக்கங்கள் செய்யவேண்டியிருக்கிறது.

தோங்செங்மால் முனையில் நின்றால் எதிரே குவாங்கல்லி வளைகுடாவும் குவாங்கான் பாலமும் முழுதாகத் தெரியும். பூசான் வாணவேடிக்கை விழாவைக் காசில்லாமல் பார்க்க இதைவிட நல்ல இடமில்லை. 2005-ல் ஏபெக் மாநாட்டை ஒட்டித் தொடங்கிய விழா அது. கடற்கரை மணலில் மேசை போட்ட இருக்கைக்கு ஒரு லட்சம் வொன். சன்னலோர மேசைக்கு அந்த ஒரு நாள் மட்டும் தனி விலை கேட்கும் காபிக்கடைகளைப் பற்றி ஆண்டுதோறும் புகார் வரும். அடுத்த ஆண்டும் விலை கூடும்.

2022 விழா எனக்கு மறக்காது. அக்டோபர் 29 அன்று சியோலில் இதேவோன் சந்தில் நெரிசலில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நவம்பரில் நடக்கவேண்டிய விழாவைத் தள்ளிவைத்து டிசம்பர் 17-ல் நடத்தினார்கள். எலும்பில் இறங்கும் குளிர். எங்கள் தெருவில் கிம்பாப் கடை வைத்திருந்த பாட்டி, "தம்பி, பீச்சுப் பக்கம் போகாதே, கூட்டம். என்னோடு வா," என்று மத்தியானமே கிளப்பிவிட்டார். கையில் அலுமினியத்தாள் ஒட்டிய மடக்குப் பாய், பையில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு. முனையில் ஏற்கெனவே ஆட்கள். முன்பின் தெரியாத கிழவர் ஒருவர் கமலா ஆரஞ்சு நீட்டினார். இன்னொருவர் பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார். இருட்டும் முன்பே நான் மூன்று வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டிருந்தேன்.

முதல் வெடி எழும்பியபோது சத்தமே இல்லை. ஒளி விரிந்து, கலைந்து, அடுத்தது ஏறும்போதுதான் முதலாவதின் இடி தண்ணீரைக் கடந்து நெஞ்சில் வந்து மோதியது. பக்கத்துப் பையன் கைபேசியில் நேரலை வைத்திருந்தான். அது இன்னும் தாமதம். ஆக ஒரே பூ கண்ணுக்கு ஒருமுறை, காதுக்கு ஒருமுறை, கைபேசிக்கு ஒருமுறை பூத்தது. கடற்கரையில் காசு கட்டியவர்களுக்கு இசையோடு சேர்ந்து ஒழுங்காக ஒருமுறைதான். பாலத்தின் விளிம்பிலிருந்து வெள்ளைத்தீ அருவியாக இறங்கியபோது எல்லோரும் கத்தினார்கள். பாட்டி மட்டும் கத்தவில்லை. "அந்தப் பிள்ளைகளும் வேடிக்கை பார்க்கத்தானே போனார்கள்," என்றார். பிறகு கிழங்கை உரித்து என் கையில் வைத்தார். இறங்கும்போது காவலர்கள் உயரமான மேடைகளில் ஏறி நின்று, ஒலிபெருக்கியில் எங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து அனுப்பினார்கள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

முனையிலிருந்து இறங்கினால் பழைய யோங்ஹோ கப்பல்துறை. 2019 பிப்ரவரியில் இங்கிருந்து கிளம்பிய ரஷ்யச் சரக்குக் கப்பல் ஒன்று குவாங்கான் பாலத்தில் இடித்தது. கப்பல் தலைவர் குடித்திருந்தார். அதன்பின் துறையைக் கப்பல்களுக்கு மூடி, மக்கள் உலாவ விட்டார்கள். இன்று தூண்டில் போடுகிறவர்களும் காதலர்களும் நிற்கிற இடம் அந்தக் குடிகாரர் புண்ணியத்தில் கிடைத்தது.

குவாங்கல்லி எல்லோருக்கும் தெரியும். சனிக்கிழமை இரவு ட்ரோன் காட்சி இலவசம், அதைச் சொன்னால் போதும். அடுத்த மில்லாக் கரைப் பூங்காவில் முன்பெல்லாம் இளைஞர்கள் மீன்சந்தையிலிருந்து பச்சைமீன் வாங்கிவந்து, தரையில் பாய் விரித்து, சோஜூவோடு விடியவிடிய உட்கார்ந்திருப்பார்கள். 2023 ஜூலை முதல் அங்கே குடிக்கத் தடை. குப்பைத் தொல்லை உண்மைதான். ஆனால் அருகே உணவகத்தில் உட்கார்ந்து குடிக்கத் தடையில்லை. தரையில் உட்காருகிறவனின் கோப்பையைத்தான் பிடுங்க முடிந்தது.

சுயோங் ஆற்றைக் கடந்தால் மரீன் சிட்டி. கடலைத் தூர்த்த நிலத்தில் வானுயரக் கோபுரங்கள். அலைதடுப்புச் சுவர் 3.4 மீட்டர் உயரத்தில் வரவேண்டியது. கடல் மறைகிறது என்று எதிர்ப்பு கிளம்பவே 1.3 மீட்டராகக் குறைத்துக் கட்டினார்கள். 2016 அக்டோபரில் சாபா புயல் அந்தச் சுவரைத் தாண்டி வந்து தெருக்களில் மீனைக் கொட்டிவிட்டுப் போனது. காட்சிக்குக் காசு கொடுத்தவர்களின் வாசலுக்கே கடல் வந்தது. இந்தத் தெருவில் எனக்கு எப்போதும் கால் வேகமாகத்தான் நடக்கும்.

தோங்பெக் தீவின் ஏபெக் மாநாட்டு மண்டபத்தை இலவசமாகப் பார்க்கலாம். ஹேயுந்தே மணலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தால் 101 மாடிக் கோபுரத்தின் நிழலில் மிப்போ வந்துவிடும்.

முதல் பகுதி இங்கே முடிகிறது. நின்றுவிடாதீர்கள். பழைய கிழக்குக்கடல் ரயில்பாதை 2013 டிசம்பரில் உள்நாட்டுப்பக்கம் இடம்மாறியபின், கைவிட்ட தண்டவாளத்தில் யார் வேண்டுமானாலும் நடந்தார்கள். 2020 முதல் அதன்மேல் கட்டண ரயிலும், தலைக்கு மேலே வண்ணக் கூண்டுகளும் ஓடுகின்றன. ஓரத்து மரப்பலகைப் பாதைக்கு மட்டும் இன்னும் காசில்லை. சோங்ஜோங் வரை ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தண்ணீர் கையோடு எடுத்துப் போங்கள். இடையில் சோங்சாபோ துறையில் கரியடுப்பில் சிப்பி சுடும் வாசனை வரும். 17 கிலோமீட்டர் பிழைத்த பர்ஸ் பெரும்பாலும் அங்கேதான் திறக்கும்.