தண்ணி வந்தா தெரியாதா, அதுக்கு ஆராய்ச்சியா?

எங்கட பக்கத்தில் ஓ.எல் ரிசல்ட் வந்த கிழமையில் எல்லா வீட்டிலும் ஒரு தரவரிசை தானாக ஓடத் தொடங்கும். நல்ல ரிசல்ட் எண்டால் பயோ அல்லது மெத்ஸ். கொஞ்சம் குறைஞ்சால் கொமர்ஸ், டெக். மிச்சம் எல்லாம் ஆர்ட்ஸ். இதை யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனாலும் மாவடிப்பள்ளியிலிருந்து மருதமுனை வரைக்கும் எல்லாருக்கும் இந்த வரிசை பாடம்.

நான் ஆர்ட்ஸ். ஒலுவில் கம்பஸில் புவியியல் படிக்கிறேன். இறுதியாண்டு ஆய்வுக்கு எங்கட ஊர் வெள்ளத்தையே எடுக்கலாம் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு மாமி சிரிச்சுக்கொண்டே கேட்டா: “தண்ணி வந்தா தெரியாதா புள்ள, அதுக்கு ஆராய்ச்சியா?”

மாமி நக்கலுக்குத்தான் கேட்டா. ஆனால் அது நல்ல கேள்வி. மாரி வந்தால் வெள்ளம் வரும், வட்டை எல்லாம் கடலாகும், ரோட்டுக்கு மேலால் தண்ணி பாயும். இதெல்லாம் பிறந்ததிலிருந்து பார்க்கிற காட்சி. அப்படியென்றால் எங்களுக்குத் தெரியாதது என்ன?

2024 நவம்பர் 26ஆம் திகதியை எங்கட ஊரில் யாரும் மறக்கமாட்டார்கள். வெள்ளத்துக்காக லீவு விட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரம், காரைதீவு–அம்பாறை வீதியில் மாவடிப்பள்ளித் தாம்போதியடியில் வெள்ளத்தில் அடிபட்டுப் போனது. மாணவர்களும் வேறு சிலரும் உயிரிழந்தார்கள். நாட்கணக்கில் தேடுதல் நடந்தது. ஊரே அந்தத் தண்ணியைப் பார்த்துக்கொண்டு நின்றது. தண்ணி வருவது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தும் அது நடந்தது.

அந்த ஒரே இடத்தில் வேறு வேறு படிப்புப் படித்த ஆட்களை நிறுத்திப் பாருங்கள்.

பொறியியல் படித்தவர் தாம்போதியின் உயரத்தைக் கேட்பார். அடியால் போகிற மதகுகள் எவ்வளவு தண்ணியைக் கடத்தும் என்று கேட்பார். பௌதிகவியல்காரர் வேகத்தைக் கேட்பார். பாய்கிற தண்ணியின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற விசை நான்கு மடங்காகும். இரண்டடி ஆழத்தில் வேகமாக ஓடுகிற தண்ணி பெரும்பாலான வாகனங்களை இழுத்துக்கொண்டு போகப் போதும் என்று வெள்ள எச்சரிக்கைகளில் சொல்வார்கள். பார்க்கிற கண்ணுக்கு முழங்கால் தண்ணிதான்.

வானிலை படித்தவர் வங்காள விரிகுடாவைப் பார்ப்பார். அந்த நாட்களில் எங்கட கரையோரத்தை ஒட்டி மெதுவாக நகர்ந்த தாழமுக்கம்தான் பிறகு ஃபெங்கல் புயலாகி தமிழ்நாட்டுப் பக்கம் போனது. புவியியல் படிக்கிற என்னைப்போல ஆட்கள் மேட்டைப் பார்ப்போம். மேற்கே இருந்து இறங்கி வருகிற தண்ணி எந்த வழியால் கடலுக்குப் போகும்? முந்தி தண்ணி தங்கி நின்ற பள்ளக்காணிகளில் எத்தனை இப்போது மண் போட்டு நிரப்பி வளவாகியிருக்கிறது?

இத்தோடு முடிந்ததா எண்டால், இல்லை. அரசறிவியல்காரர் முகத்துவாரத்துக்குப் போவார். முகத்துவாரத்தை எப்போது வெட்டிவிடுவது என்று ஒவ்வொரு மாரியிலும் பேச்சு வரும். வெள்ளாமைக்காரர் உடனே வெட்டச் சொல்வார், மீன்பிடிக்கிறவர் கொஞ்சம் பொறுக்கச் சொல்வார். ரெண்டு பேர் பக்கமும் ஞாயம் உண்டு. அந்த முடிவை யார் எடுக்கிறார், யாரைக் கேட்டு எடுக்கிறார் என்பதை மழைமானி அளக்காது.

சமூகவியல்காரருக்கு வேறு கேள்வி. “மிசின் போகும்” என்று ஒரு நம்பிக்கை எங்கட பக்கத்தில் உண்டு. பஸ் நின்றாலும், வேன் நின்றாலும் உழவு இயந்திரம் தண்ணியைக் கடக்கும் என்ற நம்பிக்கை. பல மாரிகளில் அது கடந்தும் இருக்கிறது. நோயாளியை, பிள்ளைத்தாய்ச்சியை, சாமானை எல்லாம் அதில்தான் கொண்டுபோனோம். அந்த நம்பிக்கை மடத்தனம் அல்ல, அனுபவத்தால் வந்தது. அந்த அனுபவம் எந்த இடத்தில் செல்லாமல் போகிறது என்பதுதான் படிக்கவேண்டிய விஷயம்.

மொழி படித்தவர் எச்சரிக்கை அறிவித்தலைக் கையில் எடுப்பார். “100 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழைவீழ்ச்சி எதிர்பார்க்கப்படுகிறது” என்று ரேடியோவில் சொல்லும்போது என்ட உம்மம்மா கேட்பா: “அது எத்தின படி?” அவட கணக்கில் வெள்ளத்தின் அலகு வாசற்படி. 1957 மார்கழி வெள்ளத்தில் அவ சின்னப் பிள்ளை. அந்த வெள்ளம் எந்த வீட்டில் எத்தனையாம் படிக்கு ஏறியது என்று இப்போதும் சொல்வா. மில்லிமீற்றர் சரியான அலகுதான். ஆனால் படியில் யோசிக்கிற ஆளுக்கு மில்லிமீற்றரில் சொன்ன எச்சரிக்கை போய்ச் சேராது.

மாமிக்குச் சொல்ல என்னிடம் இருக்கிற பதில் இதுதான். தண்ணி ஒண்டு, கேள்வி பத்து. ஒருவர் கேட்கிற கேள்வி மற்றவரின் கண்ணுக்குப் படாது. அதுக்காகத்தான் இத்தனை துறை.

‘எல்லாப் படிப்பும் ஒண்டுதான்’ என்று ஆறுதல் சொல்ல நான் வரவில்லை. ஒண்டு இல்லை. ஆதாரம் என்று எதை ஏற்பது என்பதில் துறைக்குத் துறை பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஆய்வுகூடத்தில் ஒரு பரிசோதனையைத் திரும்பச் செய்து பார்க்கலாம். 1957ஐத் திரும்பக் கொண்டுவர முடியாது. அங்கே பழைய பத்திரிகை, கச்சேரிப் பதிவு, உம்மம்மாவின் ஞாபகம் மூன்றையும் பக்கத்தில் வைத்துத்தான் ஒப்பிடவேண்டும். அதற்கும் ஒழுங்கும் கண்டிப்பும் வேணும், அது வேறு மாதிரியான கண்டிப்பு.

வெள்ளத்தில் மட்டும்தான் இப்படியா எண்டால், வீட்டைப் பாருங்கள். எங்கட பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுப்பதும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதும் நமக்கு அதிசயமே இல்லை. எங்கட வாப்பாவும் ராத்தாவின் வீடு முடிந்த பிறகுதான் கட்டாரிலிருந்து நிரந்தரமாக வந்தார். ஆனால் டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளருக்கு இது பெரிய கேள்வியாகத் தெரிந்தது. 1969இலிருந்து அக்கரைப்பற்றில் தங்கியும் வந்துபோயும், தமிழர், முஸ்லிம்கள் இரண்டு பேரிடமும் உள்ள தாய்வழிக் குடி முறையைப் படித்தார். அந்தப் படிப்பு 2008இல் பெரிய புத்தகமாக வந்தது. கலியாணப் பேச்சில் ‘என்ன குடி?’ என்று கேட்கிற அதே குடிதான்.

“குடியைப் படிச்சு என்ன பிரயோசனம்?” என்று கேட்கலாம். 2004 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். பிறகு வீடு கட்டிக் கொடுக்க எத்தனையோ நிறுவனங்கள் வந்தன. கொங்கிறீட், கூரை எல்லாம் கணக்குப் பார்த்துத்தான் கட்டினார்கள். ஆனால் புது வீட்டின் உறுதியை ‘குடும்பத் தலைவர்’ பெயரில் எழுதினால், வழக்கமாக அது ஆணின் பெயர். சுனாமி கொண்டுபோன வீடோ, பெரும்பாலும் சீதனமாக வந்த பெண்ணின் வீடு. பரம்பரையாகப் பெண்ணிடம் இருந்த சொத்து ஒரு படிவத்தின் ஒரு கட்டத்தால் கை மாறிப்போகலாம். மக்கில்வ்ரேயும் பற்றீசியா லோரன்ஸும் சுனாமிக்குப் பிந்திய வீடுகளைப் பற்றி எழுதியபோது இந்தச் சிக்கலைக் காட்டினார்கள். சீமெந்தைப் பரிசோதித்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ‘இந்த ஊரில் வீடு யாருடையது?’ என்று முன்கூட்டியே கேட்டிருந்த ஆளுக்குத்தான் அது தெரியும்.

யானையும் அப்படித்தான். எங்கட வட்டைக்குள் யானை இறங்குவது இப்போது சாதாரணச் செய்தி. எங்கட மாவட்டத்திலேயே பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக் தின்று எட்டு வருடத்தில் ஏறக்குறைய 20 யானைகள் செத்ததாக 2022 ஜனவரியில் உலகச் செய்திகளில் வந்தது. செத்த யானையின் வயிற்றில் இருந்தது பொலித்தீன் என்று மிருக வைத்தியர் சொல்லலாம். அந்தப் பொலித்தீன் எங்கட குசினியிலிருந்து அங்கே போன வழியைச் சொல்ல இன்னொரு ஆள் வேணும். பிரதேச சபைகளின் குப்பை ஏன் காட்டோரத்தில் கொட்டப்படுகிறது, அதைத் தரம்பிரிக்க ஏன் காசு ஒதுங்கவில்லை என்று படிக்கிறவர் அவர். ரெண்டாவது ஆள் இல்லாவிட்டால் முதலாவது ஆள் பிரேதப் பரிசோதனை செய்துகொண்டே இருக்கவேண்டியதுதான்.

இதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் ஞாபகம் வருகிறவர், தாம்போதியைக் கடந்தால் வருகிற காரைதீவுக்காரர். அங்கே 1892இல் பிறந்த மயில்வாகனம் என்ற பிள்ளைதான் பிறகு சுவாமி விபுலாநந்தர். 1916இல் கொழும்பில் விஞ்ஞான டிப்ளோமா எடுத்தார். அதே ஆண்டு மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் சித்தியடைந்தார். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டே 1920இல் லண்டன் பீ.எஸ்ஸி முடித்தார். பிறகு 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்துக்கும் முதல் தமிழ்ப் பேராசிரியர். இன்றைக்கு அவர் எங்கட வீட்டில் பிறந்திருந்தால், “பயோவா, ஆர்ட்ஸா? ஒண்டைச் சொல்லு” என்று நெருக்கியிருப்போம்.

அவருடைய ‘யாழ் நூல்’ 1947இல் கரந்தைத் தமிழ்ச் சங்க வெளியீடாக வந்தது. யாழ் என்ற கருவி வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள். வாசிக்க ஆளில்லை, கேட்க ஒலி இல்லை. இருந்தது சிலப்பதிகாரத்தின் வரிகளும் பழைய உரைகளும்தான். அந்த வரிகளை விளங்கத் தமிழ் வேணும். ஆனால் நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் ஒலியின் அதிர்வு இரண்டு மடங்காகும் என்பது பௌதிகவியல். ஏழு சுரங்களுக்கும் இடைப்பட்ட விகிதங்களைச் சரிபார்ப்பது கணிதம். அவர் இரண்டையும் ஒரே மேசையில் வைத்தார். தமிழ் மட்டும் தெரிந்தவர் வரிக்குப் பொருள் சொல்லியிருப்பார், கணிதம் மட்டும் தெரிந்தவருக்கு அந்த வரி இருப்பதே தெரிந்திருக்காது. விஞ்ஞானச் சொற்களைத் தமிழில் ஆக்குகிற வேலையிலும் அவர் இருந்தார். மில்லிமீற்றரை உம்மம்மாவின் படிக்குக் கொண்டுவரவேண்டும் என்று நான் சொல்வது அந்த வேலையின் சின்னத் தொடர்ச்சிதான்.

ஆய்வு செய்யப் பட்டம்கூடக் கட்டாயமில்லை. நிந்தவூர் எஸ். முத்துமீரான் தொழிலால் சட்டத்தரணி. கிராமத்து முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தார். வயலிலும் தொட்டிலடியிலும் பாடிய பெண்களின் வாயோடு போயிருக்கவேண்டியவை அவை.

இவ்வளவும் சொன்ன பிறகு எங்கட பக்கத்துக் குறையையும் சொல்லவேணும். ஆர்ட்ஸ் ஆய்வு எண்டால் ஒரு வினாக்கொத்து, ‘ஆம்/இல்லை’ கட்டம், கடைசியில் ஒரு வட்ட வரைபு என்று முடிகிற வேலைகள் நிறைய உண்டு. ஊராரைக் கேட்டு எழுதியதை ஊராருக்குத் திருப்பிச் சொல்வதும் இல்லை. நூலகத்தில் ஆங்கிலத்தில் தூங்கும். மாமி சிரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மரியாதை வேணும் எண்டால் கேள்வியைக் கூராக்கவேணும், பதிலை வீட்டு வாசலுக்குக் கொண்டுவரவேணும்.

கம்பஸ் எங்களுக்குத் தூரமில்லை. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி அடுத்த வருடமே பல்கலைக்கழகமானது. அதன் பிரயோக விஞ்ஞான பீடம் பக்கத்துச் சம்மாந்துறையில் இருக்கிறது. கலை, முகாமைத்துவம், இஸ்லாமியக் கற்கை, பொறியியல், தொழில்நுட்பம் எல்லாம் ஒலுவில் வளாகத்தில். வெள்ளம் வரும்போது எல்லாப் பீடத்துக்கும் லீவு விடுகிறார்கள். வெள்ளம் வடிந்த பிறகு எல்லாப் பீடத்துப் பிள்ளைகளும் ஒரே தாம்போதியில் வந்து நின்று, அவரவர் கேள்வியை மற்றவருக்குச் சொன்னால் எவ்வளவு நல்லா இருக்கும்!

இந்த வருடம் ஏ.எல்லுக்குப் பாடம் தெரிவு செய்யப்போகிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு வேலை. ‘எந்த ஸ்ட்ரீம் பெரிசு?’ என்று கேட்பதற்கு முன்னால், உங்கட ஊரில் உங்களை நித்திரை கொள்ளவிடாத ஒரு விஷயத்தை எழுதுங்கள். கரையைக் கடல் தின்பதாக இருக்கலாம், உம்மாவின் சீனி வருத்தமாக இருக்கலாம், யாரும் இப்போது பாடாத தாலாட்டாக இருக்கலாம். அதற்குப் பக்கத்தில் அதைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஐந்து கேள்விகளை எழுதுங்கள். அந்தக் கேள்விகளில் எதற்கு விடை தேட உங்களுக்கு ஆசை கூட வருகிறதோ, அந்தப் பக்கம் போங்கள். மிச்சம் நாலு கேள்வியையும் வீசிவிடாதீர்கள். வேறு ஸ்ட்ரீமில் போகிற உங்கட கூட்டாளியிடம் கொடுங்கள். ஒரு ஊருக்கு ஐந்து கேள்விக்கும் ஆள் வேணும்.