கியர் மெதுவாக விழுகிறதா? முதலில் கிளட்சைப் பாருங்கள்

பல்லடம், பொங்கலூர், காங்கேயம் பக்கத் தோட்டங்களில் பழைய மாஸே பெர்குசன் 1035 டிராக்டர்கள் இன்னும் உழுதுகொண்டுதான் இருக்கின்றன. 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் வண்டி. வயதாகிவிட்டால், "கியர் சட்டுனு விழ மாட்டேங்குது, விழுந்தாலும் கரகரன்னு கத்துது" என்ற புகார் வந்துவிடும். உடனே, "கியர் பாக்ஸைப் பிரிக்கணும்" என்று சொல்லிவிடுகிறார்கள். பல நேரம் அது அவசரத் தீர்ப்பு.

பொங்கலூர் பக்கம் மூன்று ஏக்கர் மானாவாரிக் காடு வைத்திருக்கும் ஒரு குடும்பத்தில் இதுதான் நடந்தது. மகனுக்குத் திருப்பூர் பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட். டிராக்டர் ஓட்டுவது மருமகள். புரட்டாசி மழை பெய்துவிட்டது. தீவனச் சோளம் விதைக்க ஈரம் நான்கைந்து நாள்தான் நிற்கும். வாடகை வண்டிக்கோ ஊரே காத்துக் கிடக்கிறது.

"இதை வித்துப்போட்டுப் புதுசு எடுத்துக்கலாங்களா மாமா?"

"தவணையை ஆரு கட்டறது அம்மணி?"

பக்கத்து ஊர்ப் பழைய மெக்கானிக் ஒருவர் வந்து, ஸ்பேனரை எடுக்கவே இல்லை. இன்ஜினை நிறுத்திவிட்டுக் கியரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். எல்லாம் வழுக்கிக்கொண்டு விழுந்தன. இன்ஜினை ஓடவிட்டு, கிளட்சை மிதித்துப் போட்டால் கரகரப்பு. இந்த ஒரு சோதனையை யாரும் செய்யலாம். நின்ற வண்டியில் கியர் லேசாக விழுந்து, ஓடும் இன்ஜினில் மட்டும் மல்லுக்கட்டினால், கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று பொருள். நின்றிருக்கும்போதே முரண்டு பிடித்தால்தான் லீவர், ஃபோர்க், பாக்ஸ் பக்கம் போக வேண்டும்.

அந்த வண்டியில் பெடல் கம்பியின் பின் தேய்ந்து, துளையும் அகன்றிருந்தது. பெடல் பாதி தூரம் வெறுமனே இறங்கியது. பின்னை மாற்றி, துளைக்குப் புஷ் போட்டு, விளையாட்டு இடைவெளியை வண்டிப் புத்தகத்தில் உள்ள அளவுக்கு வைத்தார். இடைவெளி அதிகமானால் கியர் விழாது; அறவே இல்லாவிட்டால் கிளட்ச் தட்டு வழுக்கிக் கருகும்.

இன்னொன்றையும் கண்டுபிடித்தார். டிப்ஸ்டிக்கில் எண்ணெய் பால் நிறம். கியர் லீவரின் ரப்பர் உறை கிழிந்து மழைநீர் இறங்கியிருக்கிறது. இந்த வண்டியில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய்தான். தண்ணீர் கலந்தால் இரண்டும் கெடும். வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினார்கள். கெட்டியாக இருக்கட்டும் என்று கண்ட எண்ணெயை ஊற்றுவதும் கியரை மந்தமாக்கும்.

மருமகளுக்கும் ஒன்று சொன்னார். பழைய 1035-ல் பல்லை நகர்த்திப் பல்லோடு சேர்க்கும் கியர். காரில் உள்ள சிங்க்ரோனைசர் கிடையாது. வண்டியை நிறுத்தி, கிளட்சை அடிவரை மிதித்து, மூன்று எண்ணிய பிறகே கியர் போட வேண்டும்.

மறுநாள் விதைப்பு முடிந்தது. ரப்பர் உறை மட்டும் உடனே கிடைக்காததால், பழைய டியூப்பை வெட்டிக் கட்டியிருக்கிறார்கள். இனி கோடையில் வண்டி மாதக்கணக்கில் நிற்கும்போது, தட்டு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, கிளட்ச் பெடலை மிதித்த நிலையில் ஒரு கட்டையால் முட்டுக்கொடுத்து வைக்க வேண்டும்.