சந்தேகக்காரர் மலை

தாம்பரம் - பீச் மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு ஆபீஸ் போகிற ஆசாமிகளுக்குப் பரங்கிமலை ஒரு மலையே அல்ல. கிண்டிக்கு முந்தின ஸ்டேஷன், அவ்வளவுதான்! ஆனால் நிஜமாகவே அங்கே ஒரு மலை இருக்கிறது. சுமார் முந்நூறு அடி உயரம். உச்சியில் 1523-ல் போர்ச்சுகீசியர்கள் கட்டிய மாதா கோயில். அங்கே போக எந்த நாள் நல்ல நாள் என்று என்னைக் கேட்டால், ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு என்பேன்.

ஏன் என்று சொல்வதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு. (பி.காம். படித்தவனுக்கு வேறென்ன வரும்?) தவக்காலம் நாற்பது நாள். கறி கிடையாது, சினிமா கிடையாது என்று கத்தோலிக்க நண்பர்கள் விரல் விட்டு எண்ணுவார்கள். ஈஸ்டர் எத்தனை நாள் தெரியுமா? ஒரு நாள் என்றால் தப்பு. பெந்தகோஸ்தே வரை மொத்தம் ஐம்பது நாள்! அத்தனை நாளும் திருவிழாதான். ஃபாதருக்கு வெள்ளை உடுப்பு, பீடத்துப் பக்கத்தில் பெரிய பாஸ்கா திரி, தவக்காலம் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்த அல்லேலூயா. நாற்பது நாள் டெபிட், ஐம்பது நாள் கிரெடிட். லாபகரமான பாலன்ஸ் ஷீட்! ஆனால் பெரும்பாலோர் திங்கட்கிழமை காலையிலேயே லெட்ஜரை மூடிவிடுகிறார்கள்.

இந்த ஐம்பது நாளில், முதல் ஞாயிறு முடிந்து அடுத்த ஞாயிறு வாசிக்கிற சுவிசேஷம் ஒவ்வொரு வருடமும் ஒன்றேதான். மற்ற ஞாயிறுகளில் பெரும்பாலானவற்றுக்கு மூன்று வருடச் சுழற்சி உண்டு. இதற்கு மாற்றம் கிடையாது: யோவான் 20-ஆம் அதிகாரம், தோமையார் கதை. ‘ஆணி அடித்த இடத்தில் விரலை விட்டுப் பார்த்தால்தான் நம்புவேன்’ என்று அடம் பிடித்த மனுஷர். அவர் ஈட்டியால் குத்தப்பட்டு உயிர் விட்ட இடம் என்று மரபு சொல்வது இந்தப் பரங்கிமலையை. கி.பி. 52-ல் கேரளக் கரையில் இறங்கினார், 72-ல் இங்கே இறந்தார் என்பது பரம்பரையாக வரும் நம்பிக்கை.

சரித்திர ஆசிரியர்களில் பலர் “ஆதாரம் எங்கே ஸார்?” என்கிறார்கள். கேட்கட்டும். வேறு எந்த மலையிலும் அந்தக் கேள்வி குற்றமாக இருக்கலாம். இந்த மலையில் அது குற்றமே இல்லை. மலைக்குச் சொந்தக்காரரே கேட்ட கேள்வியல்லவா!

படி ஏறும்போது இரண்டு பக்கமும் சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகள் வருகின்றன. இந்தப் படிகளைக் கட்டிக் கொடுத்தவர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வியாபாரி. 1726-ல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே மர்மலாங் பாலம் கட்டியவரும் இவரே. இன்று அந்த இடத்தில் மறைமலை அடிகள் பாலம். கோயில் பீடத்தில் ஒரு கல் சிலுவை, 1547-ல் கிடைத்தது. அதைச் சுற்றி பஹ்லவி என்கிற பழைய பாரசீக எழுத்து. போர்ச்சுகீசியர் கப்பலேறுவதற்கு எத்தனையோ காலம் முன்பே இங்கே யாரோ மண்டியிட்டிருக்கிறார்கள் என்பதற்கு அது சாட்சி.

இன்னொரு தமாஷ். 1802 ஏப்ரல் 10-ந் தேதி கர்னல் லாம்டன் என்ற வெள்ளைக்காரர், இந்த மலைப் பக்கத்திலிருந்துதான் இந்தியாவையே அளக்கிற சர்வே வேலைக்கு ஆரம்பக் கோடு போட்டார். ஏழரை மைல் தூரத்தை நூறடி எஃகுச் சங்கிலி வைத்து அங்குலம் அங்குலமாக அளந்தார். அந்த வருடம் ஈஸ்டர் ஏப்ரல் 18. அதாவது எட்டே நாள் முன்னால்! தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்ற ஆளின் மலையடிவாரத்தில், அளந்து பார்த்தால்தான் நம்புவேன் என்று ஒருத்தர்.

என்னுடன் வந்த நண்பர் ஒரு பாங்க் ஊழியர், கத்தோலிக்கர். போன வருடம் தம்பியைப் பறிகொடுத்தவர். முப்பது வயதுகூட ஆகவில்லை பையனுக்கு. ஜுரம் என்று படுத்தான், பத்தே நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் நண்பர் பூசைக்குப் போவதை நிறுத்திவிட்டார். “உயிர்த்தெழுந்தார்னு எல்லாரும் பாடறாங்க. எனக்கு வாய் வரலைடா” என்பார். அவர் அம்மா இதற்காக அழாத நாளில்லை. “காத்து வாங்கத்தான் போறோம்” என்று சொல்லித்தான் மலைக்கு அழைத்து வந்தேன்.

கோயிலுக்குள் வாசகம் நடந்துகொண்டிருந்தது. வாசலில் நின்று கேட்டார். பிறகு மதில் ஓரம் வந்து, மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்குவதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று, “அந்த எட்டு நாள் தோமா எங்கடா இருந்திருப்பாரு?” என்றார்.

“எந்த எட்டு நாள்?”

“நம்ப மாட்டேன்னு சொன்னதுக்கும், சாமி திரும்ப வந்ததுக்கும் நடுவுல எட்டு நாள். மறுபடி வந்தப்ப இவரும் மத்தவங்களோடதானே இருந்தாரு? நம்பிக்கை இல்லாமலே அவங்க கூட சாப்பிட்டு, தூங்கி... அவங்களும் வெளியே போடான்னு சொல்லலையே.”

முப்பது வருடமாக அவர் கேட்ட சுவிசேஷம்தான். ஆனால் அன்றைக்குத்தான் அந்த எட்டு நாள் அவர் காதில் விழுந்தது. எனக்கும் ஒரு விஷயம் புதிது: தோமையார் நிஜமாகவே விரலை விட்டுப் பார்த்தாரா? சித்திரக்காரர்கள் அப்படி வரைந்திருக்கிறார்கள். சுவிசேஷத்தில் அப்படி ஒரு வரியே இல்லை. ‘வந்து தொட்டுப் பார்’ என்று கூப்பிட்டதே அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

இறங்கும்போது நண்பர் சொன்னார்: “அடுத்த ஞாயிறு அம்மா கூடப் போறேன். பாட மாட்டேன். பின்னாடி பெஞ்சுல சும்மா உட்கார்ந்திருப்பேன்.”

அவருக்கு நம்பிக்கை திரும்பிவிட்டது என்று நான் கதை விடப் போவதில்லை. பெஞ்சுக்குத் திரும்பினார், அவ்வளவுதான். ஐம்பது நாள் ஈஸ்டரை எப்படிக் கொண்டாடுவது என்று கேட்கிறவர்களுக்கு எனக்குத் தெரிந்த ஒரே பதில்: பக்கத்தில் பாடாமல் உட்கார்ந்திருப்பவரை முறைக்காதீர்கள். கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள். இது கோயிலுக்கு மட்டுமல்ல, ஆபீஸுக்கும் வீட்டுக்கும்கூடப் பொருந்தும்.

நேரம் இருந்தால் மெட்ரோவில் ஏறி, ஆலந்தூரில் வண்டி மாறி, சின்னமலைக்கும் ஒரு நடை போய் வாருங்கள். தோமையார் ஒளிந்திருந்ததாகச் சொல்லும் குகை அங்கே இருக்கிறது. சந்தேகத்தோடு நுழையலாம், தடையில்லை. ஆனால் வாசல் ரொம்பச் சின்னது. மானேஜிங் டைரக்டரே ஆனாலும் குனிந்துதான் போயாக வேண்டும்!