திரையில் தெரியும் நம் வகுப்பறைப் பிள்ளைகள்

ஆண்டு இறுதி நெருங்கினால் பெற்றோர் சிலர் என்னிடம், "ஐயா, இந்த வருசம் எந்தப் படம் நல்லா இருந்துச்சு?" என்று கேட்பது வழக்கம். நான் கூறும் விடை பெரும்பாலும் அவர்கள் எதிர்பார்த்த படமாக இருப்பதில்லை. தொடக்கப்பள்ளியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்துவிட்டவனுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. திரையில் ஒரு சிறுவனோ சிறுமியோ தோன்றிவிட்டால், என் கண் கதாநாயகனை விட்டு அப்பிள்ளையின் பின்னால் சென்றுவிடும். அது உண்மையான பிள்ளைதானா, அல்லது பெரியவர் எழுதிக் கொடுத்த வசனத்தை ஒப்புவிக்கும் பொம்மையா என்று பார்க்கத் தொடங்கிவிடுவேன்.

2024ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். திரைக்கதைப் பின்னல் என்று பார்த்தால் நித்திலன் சாமிநாதனின் ‘மகாராஜா’வை விஞ்சிய படம் அவ்வாண்டில் இல்லை. ஆயினும் அதனை எந்தப் பிள்ளைக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஜொகூர் பாருவில் நான் பார்த்த இரவுக் காட்சியில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் பெற்றோரின் பக்கத்தில் அமர்ந்திருந்தனர். ஒரு பெண்பிள்ளைக்கு நேர்ந்த பெருங்கொடுமையைச் சுற்றிச் சுழலும் கதை அது. நுழைவுச்சீட்டு வாங்குமுன் படத்தின் வயது வரம்பைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

அவ்வாண்டில் என் முதலிடம் மாரி செல்வராஜின் ‘வாழை’க்குத்தான். பள்ளி விடுமுறை நாள்களில் வாழைத்தார் சுமக்கச் செல்ல வேண்டிய சிறுவன் சிவனணைந்தான். இயக்குநர் தம் இளமைக்கால வாழ்விலிருந்து எடுத்த கதை இது. அச்சிறுவன் ரஜினி பக்கம், அவன் நண்பன் சேகர் கமல் பக்கம். இருவரும் இடும் சண்டையை நான்காம் ஆண்டு வகுப்பில் எந்நாளும் கேட்கலாம். நாயகர் பெயர் மட்டுமே மாறியிருக்கும். வார நாள்களில் பள்ளிக்கூடம் அவனுக்கு விளையாட்டுத் திடல். சனி, ஞாயிறு வந்தால் கழுத்து நோகும் சுமை. நம் பிள்ளைகள் திங்கட்கிழமையைக் கண்டு முகம் சுளிக்கிறார்கள். இவனோ அந்தத் திங்கட்கிழமைக்காக ஏங்குகிறான்.

ஒரு தாருக்கு ஒரு ரூபாய் கூலியை உயர்த்திக் கேட்கிறார்கள். வியாபாரி ஒப்புக்கொள்கிறார். அந்தச் செலவை ஈடுகட்டத் தனி வண்டி வேண்டாமென்று, தார் ஏற்றிய லாரியின் மீதே ஆள்களையும் ஏற்றி அனுப்புகிறார்கள். அதன் முடிவு என்னவென்பதைப் படத்தில் காண்க. பேராசை என்று தனியாக ஒரு வில்லனைக் கொண்டு வந்து நிறுத்தாமல், கணக்குப் பார்க்கும் ஒரு சிறு முடிவு எத்தனை உயிர்களின் மேல் போய் விழுகிறது என்று காட்டியிருப்பதே எனக்குப் பெரிதாகப் பட்டது. குறையும் உண்டு. இறுதிப் பகுதியில் அழுகையும் இசையும் சற்று மிகுந்துவிட்டன; நாம் தாமாகவே அழுதிருப்போம்.

அச்சிறுவன் தன் ஆசிரியை பூங்கொடி மீது கொள்ளும் ஈர்ப்பு என் சக ஆசிரியர் சிலருக்கு உறுத்தலாக இருந்தது. "இதையெல்லாம் படமாக எடுக்கலாமா?" என்றார் ஒருவர். எனக்கு அதில் தவறேதும் தெரியவில்லை. தொடக்கப்பள்ளி ஆசிரியைகளுக்கு ஆண்டுதோறும் கிடைக்கும் பூவும் மிட்டாயும் வேறென்னவாம்?

‘வாழை’ வெளிவந்த அதே 2024 ஆகஸ்டு 23ஆம் நாள் பி. எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’யும் வந்தது. பின்னணி இசையே இல்லாத படம். பொறுமை வேண்டும். அதைவிட அவருடைய முதற்படமான ‘கூழாங்கல்’ ஆசிரியர்கள் பார்க்க வேண்டிய ஒன்று. 2021இல் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் புலி விருது பெற்ற படம் அது. குடித்துவிட்டு வரும் தந்தை வகுப்பறையிலிருந்து மகனை வெளியே அழைத்துச் செல்கிறார். அதன்பின் வெயிலில் நடை, நடை, நடை. வகுப்பில் ஒரு நாற்காலி வெறுமையாக இருக்கும்போது வருகைப் பதிவேட்டில் ஒரு குறி இடுகிறோமே, அந்தக் குறிக்குப் பின்னால் என்ன இருக்கக்கூடும் என்பதே இப்படம்.

பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்க ஏற்ற படம் வேண்டுமா? கமலக்கண்ணனின் ‘குரங்கு பெடல்’. இராசி அழகப்பனின் ‘சைக்கிள்’ என்ற சிறுகதையைத் தழுவியது. கோடை விடுமுறை, வாடகை மிதிவண்டி, மிதிவண்டி ஓட்டத் தெரியாத தந்தை, இவை போதும் கதைக்கு. என் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் பார்த்துவிட்டு வந்து, "சைக்கிளைக்கூட வாடகைக்கு எடுப்பாங்களா ஐயா?" என்று வியந்தான். அன்றைய வாய்மொழிப் பாடம் அதிலேயே நடந்தது.

2025இல் என் மனத்தில் நின்றது அபிஷன் ஜீவிந்தின் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’. இலங்கையிலிருந்து சென்னை வந்து சேரும் ஒரு குடும்பம், தன் பேச்சுத்தமிழால் அடையாளம் தெரிந்துவிடுமோ என்று அஞ்சி வாழ்கிறது. சிரிக்கவும் வைக்கும் படம்தான். ஆனால், தமிழ்நாட்டிற்குச் சென்று வாயைத் திறந்தவுடன் "நீங்க மலேசியாவா?" என்று கேட்கப்பட்ட நம்மவர்க்கு அந்த அச்சத்தின் நிழலாவது புரியும்.

இவை அனைத்தையும் கடந்து, எந்த ஆண்டுப் பட்டியலிலும் நான் விடாமல் சேர்ப்பது நம் நாட்டுப் படமான ‘ஜகாட்’. சஞ்சை குமார் பெருமாள் இயக்கி 2015இல் வெளிவந்தது. கெட்டவன் என்னும் பொருள்படும் மலாய்ச் சொல்லை நம்மவர் உச்சரிக்கும் விதமே படத்தின் பெயர். 2016ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் மொழியின் அடிப்படையில் படங்களைப் பிரித்ததற்கு எதிர்ப்பு எழுந்து, சிறந்த மலேசியப் படத்திற்கான விருது எல்லா மொழிக்கும் திறந்துவிடப்பட்டபோது, அதை வென்ற படமும் இதுவே.

தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் 1990களின் தொடக்கக் கால வாழ்க்கை. சிறுவன் அப்போய்க்குக் குறும்பும் கற்பனையும் மிகுதி. தந்தை மணியத்திற்கு மகன் படித்துத் தலையெடுக்க வேண்டும் என்ற ஒரே எண்ணம். அதற்கு அவர் அறிந்த வழி அடி. சிற்றப்பன்மாரில் ஒருவன் குண்டர் கும்பலில் இருக்கிறான். பையனின் கற்பனைக்கு வீட்டிலும் இடமில்லை, பள்ளியிலும் இடமில்லை. இடமளிக்க ஆயத்தமாக இருப்பது எது என்று சொல்ல வேண்டியதில்லை. பூங்கொடி டீச்சரைக் கண்டு நெகிழ்ந்த ஆசிரிய நண்பர்கள், அதே வாரத்தில் ‘ஜகாட்’டின் வகுப்பறையையும் பார்ப்பது நல்லது.

மணியத்தை வெறுக்க என்னால் முடிவதில்லை. பெற்றோர் சந்திப்பு நாளில் அவர் என் எதிரில் வந்து அமர்கிறார், வெவ்வேறு பெயர்களில். "நல்லா அடிங்க ஐயா, கண்ணு ரெண்ட மட்டும் விட்டுருங்க" என்கிறார். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பின்னும் அக்குரல் மாறவில்லை. அத்தகைய தந்தையர் சிலருக்குப் படத்தின் பெயரைத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர்களுள் ஒருவர் சில வாரம் கழித்துப் பள்ளிக்கு வந்தார். படத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. மகனின் கட்டுரை ஏட்டைப் பார்க்க வேண்டும் என்றார்.