புரண்டு படுக்க ஓரிடம்

மலைமுகாமுக்குச் செல்வோர் உணவையும் கூடாரத்தையும் பற்றி நிறையச் சிந்திப்பர். உறக்கத்தைப் பற்றிச் சிந்திப்போர் சிலரே. மாணவர்களுக்காக உறக்கப்பை வாங்கச் சென்ற ஆசிரியர் ஒருவர், அப்பையின் வழியே தாம் கற்றுக்கொண்டதை இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறார்.

பழனிமலைத் தொடரில் தை மாதத்து இரவு எத்தகையது என்பதைக் கூடாரத்தில் தங்கியவரே அறிவர். கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதற்கு மேற்கே பூம்பாறையின் படிக்கட்டு வயல்களைக் கடந்தால் மன்னவனூர் வரும். கம்பளி தரும் செம்மறியாடுகளை வளர்த்து ஆராயும் நடுவண் அரசின் மையம் ஒன்று அங்கே இயங்குகிறது என்றால், அவ்வூரின் குளிரை நீங்களே உய்த்துணரலாம். பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். கதிர் சாய்ந்ததும் புல்வெளி முழுவதும் ஈரம் கோக்கும். முகில் இல்லாத இரவுகளில், விடியும்போது புல்நுனியில் உறைபனி படிந்திருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, எங்கள் பள்ளியின் பதினோராம் வகுப்பு மாணவர் இருபதுபேரை அம்மலைக்கு மூன்று நாள் இயற்கை முகாமுக்கு அழைத்துச் சென்றேன். ஒதுக்கிய பணம் குறைவு. கடையில் இருந்தவற்றுள் விலை மலிந்த உறக்கப்பைகளையே தேர்ந்தெடுத்தேன். தோள்பகுதி அகன்று, கால்பகுதி குறுகி, எகிப்தியப் பாடம்செய்த உடலைப் போன்ற வடிவம் உடையவை அவை. 'மம்மி' என்றே அவ்வடிவத்திற்குப் பெயர். விரித்து வைத்தால் தோள்பக்கம் 75 செ.மீ. அகலம் இருந்தது. "எல்லார்க்கும் பொருந்தும் ஐயா" என்றார் கடைக்காரர். நானும் தலையசைத்தேன். இருபது பைகளும் ஒரே அளவு.

முகாமுக்கு இரண்டு நாள் முன்பு, மாணவன் ஒருவன் ஆசிரியர் அறைக்கு வந்தான். உயரமும் பருமனும் மிக்கவன், வகுப்பில் கடைசி இருக்கையில் அமர்பவன், நன்றாகப் படிப்பவன். "நான் முகாமுக்கு வரவில்லை ஐயா" என்றான். காரணம் கேட்டேன், மேசையின் விளிம்பைத் தடவியபடி நின்றான். "குளிருக்குப் பயமா தம்பி?" என்று சிரித்தேன். அவனும் சிரித்தான். "வந்துவிடு" என்றேன். வந்துவிட்டான்.

முதல் இரவு. மூன்று மணியளவில் விழிப்பு வந்து, கூடாரங்களை ஒருமுறை சுற்றிவந்தேன். ஒரு கூடாரத்தின் வாயிலில், பள்ளிச் சீருடை ஸ்வெட்டருக்கு மேல் மெல்லிய துண்டு ஒன்றைப் போர்த்திக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான். கைவிளக்கின் ஒளியில் அவன் உதடுகள் நடுங்குவது தெரிந்தது.

"ஏன் தூங்கவில்லை?"

"தூக்கம் வரவில்லை ஐயா. குளிரெல்லாம் இல்லை."

உள்ளே பார்த்தேன். அவனுடைய உறக்கப்பை, ஜிப் பாதியளவே ஏறிய நிலையில் ஓர் ஓரமாகக் கிடந்தது. அவன் தோளையும் மார்பையும் அது கொள்ளவில்லை. அதனுள் நுழைய அவன் பட்ட பாட்டை மற்ற மூவரும் பார்த்துச் சிரித்திருக்கக் கூடும் என்று எண்ணிக்கொண்டேன். சிரித்தார்களா என்று நான் கேட்கவில்லை; அவனும் சொல்லவில்லை. இரண்டு நாள் முன்பு ஆசிரியர் அறையில் அவன் சொல்ல வந்தது எதுவென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

என் பையை எடுத்துவந்தேன். இரண்டு பைகளின் ஜிப்பையும் அடிவரை திறந்து, ஒன்றைக் கீழே விரித்து, மற்றொன்றை அவன்மேல் போர்த்தினேன். கீழ்ப்பைக்கு அடியில் எங்களிடமிருந்த கோணிச்சாக்குகளை மடித்து வைத்தேன். சிறிது நேரத்தில் உறங்கிவிட்டான். நான் சமையல் கூடாரத்து அடுப்பருகில் அமர்ந்து விடியலுக்குக் காத்திருந்தேன். குளிரைவிட என் அசட்டையே அவ்விரவில் என்னை அதிகம் வருத்தியது.

மீண்டு வந்தபின் உறக்கப்பையைப் பற்றித் தேடிப் படிக்கலானேன். 1876இல் வேல்ஸ் நாட்டு வணிகர் பிரைஸ் பிரைஸ்-ஜோன்ஸ் என்பவர், மடித்துப் பிணைத்துக்கொள்ளத்தக்க கம்பளி விரிப்பு ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய உறக்கப்பையின் முன்னோடிகளுள் ஒன்றாக அது கருதப்படுகிறது. இன்று பையினுள் வாத்தின் மென்தூவியையோ செயற்கை இழையையோ நிரப்புகின்றனர். தூவிப் படுக்கை நமக்குப் புதிதன்று. நெடுநல்வாடையில் அரசியின் கட்டிலிலும் அன்னத்தின் தூவி உண்டு. தூவி எடை குறைந்தது, சிறிதாகச் சுருட்டலாம், ஆனால் நனைந்தால் படிந்துபோய்ப் பயனற்றதாகிவிடும். செயற்கை இழை சற்றுக் கனமானது. ஈரத்தை ஓரளவு தாங்கும். பனிமூட்டமும் தூறலும் மிக்க நம் மலைகளுக்கு அதுவே ஏற்றது, விலையும் குறைவு.

மற்றொரு செய்தி என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. பையின்மேல் அச்சிடும் வெப்பநிலை அளவுகளை ஐரோப்பியத் தரநிலை ஒன்று வரையறுத்துள்ளது. அதற்காக அது 'தரநிலை மனிதர்' இருவரைக் கற்பனை செய்துகொண்டது. ஆணுக்கு வயது 25, உயரம் 173 செ.மீ., எடை 73 கிலோ. பெண்ணுக்கு வயது 25, உயரம் 160 செ.மீ., எடை 60 கிலோ. இத்தகைய ஓர் அளவு இல்லாமல் பொருள்களை ஒப்பிட இயலாது என்பது உண்மையே. ஆயினும் என் வகுப்பில் அந்தத் தரநிலை மனிதர் ஒருவரும் இல்லை.

மறு ஆண்டு முகாமுக்குப் பைகளைச் சேர்க்க வேண்டியிருந்தது. அம்மாணவன் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு; தேர்வு காரணமாக முகாமுக்கு வர இயலாது. "கடைக்கு மட்டும் வருகிறாயா?" என்று கேட்டேன். அளவு நாடாவுடன் வந்து சேர்ந்தான்.

குற்றவுணர்வுடன் சென்றவன் ஆதலால், கடையிலேயே மிகப்பெரிய செவ்வகப் பையை முதலில் எடுத்தேன். அவன் அதைத் தரையில் விரித்து, உள்ளே படுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "இது மிகவும் பெரிது ஐயா. இவ்வளவு வெற்றிடத்தையும் என் உடம்புதானே சூடாக்க வேண்டும்?"

இயற்பியல் படிக்கும் மாணவன் அல்லவா! அவன் கூறியது முற்றிலும் சரி. உறக்கப்பை வெப்பத்தை உண்டாக்குவதில்லை. நம் உடலே அங்கு அடுப்பு. பையின் நிரப்புப் பொருள் அசையாத காற்றைத் தன்னுள் சிறைப்படுத்தி, அவ்வெப்பம் வெளியேறாமல் காக்கிறது. பை இறுக்கமாக இருந்தால் தோளும் முழங்காலும் நிரப்பியை நசுக்கும்; நசுங்கிய இடத்தில் காற்று இராது; அவ்வழியே குளிர் புகும். பை மிகவும் தளர்ந்திருந்தால் உள்ளே காற்று உலவும். திறந்த கழுத்துப்பகுதி வழியே வெப்பம் வெளியேறும். முதுகின் கீழுள்ள நிரப்பியோ எந்தப் பையிலும் நசுங்கத்தான் செய்யும். எனவே நல்ல நுரைவிரிப்பு ஒன்று அடியில் இல்லையெனில், எத்துணை விலையுயர்ந்த பையும் தரைக்குளிரைத் தடுக்காது.

ஆகவே இரண்டுக்கும் இடைப்பட்ட பையைத் தேடினோம். அவன் ஸ்வெட்டர் அணிந்து, கைகளைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு நின்றான். நான் தோளைச் சுற்றி அளந்தேன். பையின் வெளி அகலத்தை நம்பாமல், உட்புறச் சுற்றளவைப் பார்த்தோம். இடுப்புப்பகுதியையும் தனியே அளந்தோம். தோளில் பொருந்தும் பை இடுப்பில் பிடிப்பதுண்டு. பிறகு அவன் உள்ளே படுத்து ஜிப்பை முழுவதும் ஏற்றினான், கைகளை மார்பின்மேல் மடித்தான், முழங்காலை மடக்கினான், ஒருபுறம் புரண்டான். கழுத்தருகே சுருக்குக்கயிறு இருக்கிறதா, ஜிப்பின் உட்புறம் காற்றுப் புகாதவாறு திண்டு தைத்திருக்கிறதா, உள்ளிருந்தே ஜிப்பைத் திறக்க முடிகிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தான். கடைக்கு வந்திருந்த சிலர் அவனைப் பார்த்துச் சிரித்தனர். இம்முறை அவன் அதைப் பொருட்படுத்தவில்லை. அகன்ற மம்மி வடிவப் பைகள் நான்கினை வாங்கினோம். "ஒல்லியானவர்கள் இதில் படுத்தால் மாற்று உடைகளைக் காலடியில் திணித்துக்கொள்ளச் சொல்லுங்கள் ஐயா" என்று மறக்காமல் கூறினான்.

பழனிமலையைச் சூழ்ந்த நாடு பேகனுடையது. கார்காலத்து மயில் குளிரால் நடுங்குவதாக எண்ணித் தன் போர்வையை அதற்கு அளித்தவன் அவ்வள்ளல். அப்போர்வையை மயில் போர்த்திக்கொள்ளுமா, அதன் தோகைக்கு அது பொருந்துமா என்றெல்லாம் அவன் ஆராயவில்லை. அவன் கொடைக்கு அந்த ஆராய்ச்சி தேவையுமில்லை. இரக்கமே அதன் பெருமை. ஆனால் ஓர் ஆசிரியனுக்கு இரக்கம் மட்டும் போதாது. அளவு நாடாவும் வேண்டும். அதற்கும் முன்பாக, தன்முன் வந்து மேசையின் விளிம்பைத் தடவி நிற்கும் மாணவனிடம் இன்னொரு கேள்வி கேட்கும் பொறுமை வேண்டும்.

இப்போது எங்கள் முகாம் விண்ணப்பத்தில் உயரம், எடை என்ற வரிகள் இல்லை. எண்களை எழுத நாணுவோர் உண்டு என்பதை நான் அறிவேன். அதற்கு மாறாக, 'எப்படிப் படுத்தால் உங்களுக்கு நல்ல உறக்கம் வரும்?' என்று ஒரு வரி உள்ளது. 'காலை அகட்டி' என்று ஒருவர் எழுதுவார். 'குப்புற' என்று ஒருவர். 'பாட்டியின் பக்கத்தில்' என்று எழுதியவரும் உண்டு. அவ்விடைகளைப் படித்தே பைகளைப் பங்கிடுகிறேன்.

அவ்வாண்டு முகாம் முடிந்து பள்ளி திறந்த அன்று, அம்மாணவன் என்னைத் தேடி வந்தான்.

"பெரிய பையில் யார் படுத்தார்கள் ஐயா?"

சொன்னேன்.

"குறட்டை விட்டானா?"

"பக்கத்துக் கூடாரம் வரை கேட்டது" என்றேன். நிறைவோடு சிரித்துவிட்டு வகுப்புக்குச் சென்றான்.